குழந்தையின் பெற்றோர் யார்? மரபணு கூறும் சான்று

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கியது. அன்று கல்முனை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பெயர் அறியாத ஆண் குழந்தை, தன் வரிசை எண்ணால் ‘81ஆம் குழந்தை’ என்றே அழைக்கப்பட்டது. தம்பதியர் ஒருவர் அது தம் மகனே என்றனர்; வேறு பலரும் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு ஆணையிட்டது.

குழந்தையின் மரபணுவில் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறு பாதி தந்தையிடமிருந்தும் வருகின்றது. ஆதலின் குழந்தையிடம் காணப்படும் மரபணு அடையாளங்கள் பெற்றோர் இருவருள் ஒருவரிடமேனும் இருத்தல் வேண்டும். கைரேகையைப் போன்றே இவ்வடையாளத் தொகுதியும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையர் மட்டுமே இதற்கு விலக்கு. இவ்வுண்மையை 1984ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்து அறிஞர் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டறிந்தார்.

2005 பிப்ரவரி 14ஆம் நாள் முடிவு வெளியாயிற்று. அத்தம்பதியரே பெற்றோர் என்பது உறுதியாயிற்று. இரு நாள்களில் மகன் தாயின் கைகளை அடைந்தான்.

கல்முனையாயினும் ஜொகூரின் தம்போயாயினும் இயற்கை விதி ஒன்றே. மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் மரபணு அடையாளச் சட்டம், குற்றவாளிகளை மட்டுமன்றிக் காணாமற் போனோரை அடையாளம் காணவும் வழி செய்துள்ளது. ஏடுகள் அழிந்தாலும் உடலில் எழுதப்பட்ட உறவு அழிவதில்லை.