பகைவனுக்கும் ஒரு தகுதி வேண்டும்

சித்திரக் கதை என்றதும் இலக்கிய அன்பர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. ஆயினும் பாடப் புத்தகத்துக்குள் 'முத்து காமிக்ஸ்' ஒன்றை ஒளித்து வைத்துப் படிக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1972ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கிய அவ்விதழ்களின் வழியாகவே இரும்புக்கை மாயாவியும் மந்திரவாதி மாண்ட்ரேக்கும் நமக்கு அறிமுகமானார்கள். இவர்களிடம் அடிவாங்கிய வில்லன்களுக்குக் கணக்கில்லை. பெரும்பாலோரின் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. மாண்ட்ரேக்கின் பகைவன் கோப்ரா மட்டும் நிற்கிறான்.

கோப்ராவின் வெள்ளி முகமூடி அதற்குக் காரணமன்று. அதற்குள்ளே இருந்த முகந்தான் காரணம். மாண்ட்ரேக் வித்தை பயின்ற மந்திரக் கல்லூரியின் தலைவர் தெரோனின் மூத்த மகன் அவன். உறவுமுறையில் மாண்ட்ரேக்குக்கு அண்ணன். ஒரே கூடத்தில் ஒரே வித்தையைக் கற்ற இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். வங்கியைக் கொள்ளையடிக்க வரும் முரடனுக்கு இந்தத் தகுதி ஏது?

இது சித்திரக் கதைக்காரர்கள் கண்டுபிடித்த உபாயமுமல்ல. பகைவனின் குலத்தையும் வீரத்தையும் கல்வியையும் முதலில் எடுத்துரைத்து, அத்தகையவனைத் தலைவன் வென்றான் என்று பாடுவதும் இன்பந் தருவதே என்று தண்டி தம் காவியாதர்சத்திலே கூறிவைத்தார். அந்நூல் தமிழில் தண்டியலங்காரமாயிற்று, சிங்களத்திலே சியபஸ்லகரவாயிற்று. இரு மொழியாரும் ஒரே ஆசானிடம் பாடங் கேட்டவர்கள்தாம். கம்பன் இராவணனுக்குக் கொடுத்த கம்பீரத்தையும் இங்கே எண்ணிப் பாருங்கள்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கண்டி வாவிக் கரைக்கு வருவோம். மாண்ட்ரேக் கதைக்குக் கற்பனை செய்ய வேண்டியிருந்த பகை, இந்த நகரிலே மெய்யாகவே நடந்தது. ஒருபுறம், நாயக்கர் வமிசத்துக் கண்ணுசாமியாக 1798இல் பதினெட்டு வயதிலே அரியணையேறிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். மறுபுறம், அவனுடைய மகா அதிகாரம் எஹலேபொல. இளைஞன் தன் சொற்கேட்டு நடப்பான் என்றெண்ணி அவனுக்கு முடிசூட்டியவர் அப்போதைய மகா அதிகாரம் பிலிமத்தலாவ. கணக்குப் பிழைத்தது, இறுதியில் அந்த மன்னனின் ஆணையாலேயே அவர் உயிரிழந்தார். அவருடைய மருமகன்தான் எஹலேபொல. மாமன் விட்டுச்சென்ற பதவி அவனுக்குக் கிடைத்தது. மன்னனின் சந்தேகமும் கூடவே கிடைத்தது.

ஒருவனையொருவன் நன்கறிந்த இருவர். அரண்மனையின் ஒவ்வொரு வாசலும் இருவருக்கும் தெரியும். 1814இல் எஹலேபொல கொழும்பிலுள்ள ஆங்கிலேயரிடம் ஓடினான். மன்னன் பழிதீர்த்தது அவன் குடும்பத்தின்மீது. பிள்ளைகள் வெட்டுண்டார்கள், குமாரிஹாமி போகம்பறைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டாள் என்பது வரலாறு. தாயே தன் குழந்தையின் தலையை உரலில் இட்டு இடிக்க வைக்கப்பட்டாள் என்ற கதையையும் 1821இல் வெளியான ஜோன் டேவியின் நூலிலே காணலாம்.

இந்த இடத்திலேதான் கதை சொல்வோர் வழுக்கி விழுகிறார்கள். 1906இல் ஜோன் டி சில்வா 'ஸ்ரீ விக்கிரம'வை மேடையேற்றிய காலந்தொட்டு, இந்த மன்னன் கண் சிவந்த கொடுங்கோலனாகவே பலமுறை வந்துபோயிருக்கிறான். நம்மவர்களும் சளைத்தவர்களல்லர், மன்னன் தமிழன் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு அவனை மாசற்ற மறவனாக்கி, எஹலேபொலவைக் காட்டிக்கொடுத்த கயவனாக்கி முடித்துவிடுகிறோம். இரண்டும் மலிவான வில்லன்கள். அந்தப் பிள்ளைகளின் இரத்தத்தை ஒரு கதை மறைக்கிறது. மற்றது, நாம் இன்று மாலையில் காற்று வாங்கும் வாவியை வெட்டுவித்தவனும், எண்கோண மண்டபத்தை எழுப்புவித்தவனும் அதே மன்னன் என்பதை மறைக்கிறது. அந்த வாவிக்காக மண் சுமந்த குடிகளின் முணுமுணுப்பும் அவன் வீழ்ச்சிக்குத் துணைபோனது என்பது இன்னொரு விசித்திரம்.

கொடுங்கோலன் என்ற சித்திரத்தை ஊரறியத் தீட்டியவர்கள் யார் என்றும் கேட்கவேண்டும். மன்னனின் கொடுமையைக் காரணங்காட்டியே தேசாதிபதி பிரௌன்றிக் 1815இல் படையனுப்பினார். மார்ச் 2ஆந் திகதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. எஹலேபொலவோடு இரகசியத் தொடர்பு வைத்து, பிரதானிகளை ஒவ்வொருவராய் அரசனிடமிருந்து பிரித்தெடுத்தவர் ஜோன் டொயிலி. சிங்களத்திலே புலமை பெற்றவர். நாட்குறிப்பு எழுதும் அமைதியான மனிதர். முகமூடி இல்லை, உறுமல் இல்லை. சித்திரக் கதையென்றால் கடைசிப் பக்கம்வரை எவரும் இவரைச் சந்தேகிக்கமாட்டார்கள்.

மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கொரு மண்டபம் இருக்கிறது. முடியை எதிர்பார்த்திருந்த எஹலேபொலவுக்கு அது கிட்டவில்லை. 1818 கிளர்ச்சியின்போது அவனையும் சந்தேகித்துப் பிடித்து, 1825இல் மொறீசியசுக்கு அனுப்பினார்கள். நான்கு ஆண்டுகளில் அவனும் அங்கே மாண்டான். இந்த மூவரில் கண்டி மண்ணிலே அடக்கமாகியிருப்பவர் டொயிலி ஒருவர்தான். தலதா மாளிகைக்குப் பின்னால் மேட்டில் ஏறினால், பழைய படையினர் மயானத்திலே அவருடைய கல்லறையைக் காணலாம்.