கையெழுத்துப் போடும் இடம் எங்கே?

சென்னையில் இருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது வேப்பூர். விருத்தாசலத்தில் இருந்து சேலம் பக்கம் போகும் சாலையும் இங்கேதான் குறுக்கிடுகிறது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பேர் போன ஊர். தாலுகா அலுவலகமும் உண்டு.

தாலுகா அலுவலகம் என்றால் மனு. மனு என்றால் பாரம். முன்பெல்லாம் அச்சடித்த பாரத்தைக் கடையில் விலைக்கு வாங்கினார்கள். இப்போது பல பாரங்கள் இன்டர்நெட்டில் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடைக்குப் போய், "பிரிண்ட் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் போதும்.

சங்கடமும் அங்கேதான் தொடங்குகிறது.

திரையில் பார்த்தால் பாரம் ஒழுங்காகத்தான் இருக்கும். அச்சிட்டால் இரண்டு தாளாக வந்து விழும். பெயர், ஊர், தொழில் எல்லாம் முதல் தாளில். "விண்ணப்பதாரர் கையொப்பம்" என்ற ஒரே ஒரு வரி மட்டும் இரண்டாவது தாளுக்கு ஓடிப் போயிருக்கும். முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவரின் மனு திரும்பி வரும். ஒரு நாள் கூலி போச்சு! பஸ் கட்டணமும் போச்சு!

தப்பு யார் மேல்? மனு கொடுத்தவர் மேல் அல்ல. பாரத்தைத் தயாரித்தவர் மேல்தான்.

திரைக்கு முடிவு இல்லை, தாளுக்கு உண்டு

கம்ப்யூட்டர் திரையில் ஒரு பக்கத்தைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போகலாம். அதற்கு அளவு கிடையாது. தாள் அப்படி அல்ல. ஏ-4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். நீளம் 297 மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒரு வரி கூடினாலும் அடுத்த தாள்தான்!

ஆகையால், அச்சிட வேண்டிய பாரத்தைத் திரைக்கு மட்டும் ஏற்றபடி செய்யக்கூடாது. தாளை முதலில் வைத்துக்கொண்டு, அதற்குள் கட்டம் கட்ட வேண்டும். இந்த வேலைக்கு ஏற்றவைதான் டி.டி.பி. மென்பொருள்கள். கல்யாணப் பத்திரிகையும் கோவில் திருவிழா நோட்டீசும் தயாராகிறதே, அதே வகைதான்.

இந்த வித்தையை உலகத்துக்குக் கொண்டு வந்தது "பேஜ்மேக்கர்". 1985-ல் அமெரிக்காவில் ஆல்டஸ் என்ற கம்பெனி அதை வெளியிட்டது. கம்பெனியைத் தொடங்கிய பால் பிரெய்னர்ட், அதற்கு முன் ஒரு பத்திரிகை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1994-ல் ஆல்டசை அடோபி கம்பெனி வாங்கியது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. பிறகு அதன் இடத்துக்கு "இன்டிசைன்" வந்துவிட்டது.

காசு கொடுக்காமல் கிடைக்கும் மென்பொருளும் இருக்கிறது. அதன் பெயர் "ஸ்கிரைபஸ்". இலவசம்தானே என்று ஏளனமாக நினைக்க வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் "ஜனயுகம்" என்ற நாளிதழ், 2019-ல் தன் பக்கங்களை இதில் அமைக்கத் தொடங்கியது. ஒரு நாளிதழே தயாராகும்போது ஒரு பாரம் தயாராகாதா?

பொம்மை அச்சும் பாரமும்

விருத்தாசலம் பீங்கான் பொம்மைகள் செய்கிறவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். களிமண் காயும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது மேலும் சுருங்கும். அதனால் பொம்மையைவிட அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்வார்கள். அச்சில் ஒரு கீறல் இருந்தால், அதில் வார்க்கும் அத்தனை பொம்மைகளிலும் கீறல் விழும்.

பாரமும் ஓர் அச்சு மாதிரிதான். அதில் ஒரு பிழை இருந்தால், அதை நிரப்பும் ஆயிரம் பேருக்கும் அதே பிழை!

பாரமும் சுருங்கும் என்பதுதான் வேடிக்கை. வீட்டிலும் கடையிலும் உள்ள பிரிண்டர்கள் பெரும்பாலும் தாளின் ஓரம் வரை மை வைப்பதில்லை. சில மில்லிமீட்டர் இடத்தை விட்டுவிடும். அதற்குள் அடக்குவதற்காகப் பக்கத்தையே கொஞ்சம் குறுக்கிவிடுவதும் உண்டு. அப்போது 5 மில்லிமீட்டர் கட்டம் அதைவிடச் சிறியதாகும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை அதில் எழுதிவிடலாம். "ணை" என்று தமிழில் எழுதிப் பாருங்கள், தெரியும்!

ஆகவே நாலு பக்கமும் 15 மில்லிமீட்டராவது ஓரம் விடுவது நல்லது. பேனாவால் எழுதும் வரிகளுக்கு இடையே 8 மில்லிமீட்டர் இருந்தால் கை தாராளமாக ஓடும். எழுத்தின் அளவு 12 புள்ளிக்குக் குறையாமல் இருந்தால், கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த தாத்தாவும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார்.

மெல்லிய சாம்பல் நிறக் கோடுகள் திரையில் அழகாகத்தான் இருக்கும். இரண்டு முறை ஜெராக்ஸ் எடுத்தால் காணாமல் போகும். கறுப்புக் கோடே உத்தமம்.

பெயர் எழுதுவதில் ஒரு சிக்கல்

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. வெளியூர் வழக்கப்படி தயாரித்த பாரங்களில் "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பனார் பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது. ஒருவர் அதைக் கடைசிப் பெயர் என்று எழுதுவார். அவர் மகன் தகப்பனார் பெயரை முழுசாக எழுதுவான். பிற்பாடு இரண்டு காகிதங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்! வருமான வரி பான் அட்டைக்கு நெடுங்காலம் இருந்த 49-ஏ பாரத்தில் முதலெழுத்தை மட்டும் போடக்கூடாது என்றே அச்சிட்டிருந்தார்கள்.

தமிழர்களுக்காகப் பாரம் செய்கிறவர், "பெயர்", "தகப்பனார் அல்லது தாயார் பெயர்", "முதலெழுத்து" என்று தனித்தனியே கேட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது.

எண்களுக்குத் தனித்தனிக் கட்டம் போடுவது நல்லது. ஆதார் 12 இலக்கம். கைப்பேசி 10. பாங்கியின் ஐ.எப்.எஸ்.சி. குறியீடு 11 எழுத்து. அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான். ஆங்கில "ஓ" என்று நினைத்து எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பாரத்திலேயே அந்தக் கட்டத்தில் பூஜ்யத்தை அச்சிட்டுவிட்டால், அந்த எழுத்தில் தப்பு வர வழியே இல்லை!

அம்மா எங்கே போனாள்?

இனித் தமிழ் எழுத்தின் கதை. டி.டி.பி. கடைகளில் பல ஆண்டுகள் ஓடிய பழைய தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்தன. "பாமினி" எழுத்துருவில் "அம்மா" என்று அடித்த பாரத்தை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அம்மா இருக்க மாட்டாள். எம், கே, அரைப்புள்ளி, மறுபடி ஒரு கே, ஒரு எச் என்று இங்கிலீஷ் எழுத்துக்கள்தான் இருக்கும்!

இதற்கு மருந்து யூனிகோடு. அதில் தமிழ் எழுத்துக்களுக்குச் சொந்த எண்கள் உண்டு. 2010 ஜூன் மாதம் தமிழக அரசு யூனிகோடையே தரம் என்று ஆணையிட்டது. யூனிகோடு வேலை செய்யாத இடங்களுக்கு "டேஸ்-16" என்ற மாற்று ஏற்பாட்டையும் அனுமதித்தது. பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்களுக்கு யூனிகோடு தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாது. "கொ" என்றால் ககரத்துக்கு இரு பக்கமும் குறி வர வேண்டும் என்பது அவற்றுக்குப் புரியாது. இன்டிசைனும் புதிய ஸ்கிரைபசும் புரிந்துகொள்கின்றன.

பாரம் முடிந்ததும் அதை "பி.டி.எப்." ஆக மாற்ற வேண்டும். 1993-ல் வந்த இந்த வகைக் கோப்பு, எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் மாறாமல் நிற்கும். எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்புவது முக்கியம். திரையிலேயே நிரப்பும் கட்டங்களையும் இதில் வைக்கலாம். இரண்டு மூன்று விடை பொருந்துமானால் சதுரக் கட்டம். ஒன்றே ஒன்றுதான் என்றால் வட்டம்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. கேள்விகள் அழகான தமிழில் இருக்கும். பதில் எழுதும் கட்டத்துக்கோ ஆங்கில எழுத்துருவே தானாக அமைந்துவிடும். பெயரைத் தமிழில் அடித்தால் வெறும் சதுரங்கள்! கட்டத்துக்கும் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, சொந்தப் பெயரை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும்.

பேனாவும் வேண்டும், திரையும் வேண்டும்

எல்லாம் இன்டர்நெட்டில் வந்துவிட்டதே, தாள் எதற்கு என்று கேட்கலாம். தமிழ்நாட்டு இ-சேவை மையங்களில் சான்றிதழ் கேட்டு மனுச் செய்கிறவர்களைப் பாருங்கள். மனு கம்ப்யூட்டரில்தான் போகிறது. ஆனால் சுய உறுதிமொழிப் பாரத்தைத் தாளில் அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கேன் எடுத்து, மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகக் கணக்கெடுப்புப் பாரம் கொடுத்தார்கள். ஆளுக்கு இரண்டு பிரதி. பெயரும் வாக்காளர் அட்டை எண்ணும் முன்கூட்டியே அச்சாகி இருந்தன. அதையே இன்டர்நெட்டில் நிரப்பவும் வழி வைத்தார்கள். ஓட்டுரிமையே ஒரு தாளில் வந்து நின்றது!

பாரம் தயாரிக்கும் இளைஞர்கள் கடைசியாக ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. ஒரு பிரதியை அச்சிட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேனாவுடன் கொடுக்க வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. பாட்டி எந்த இடத்தில் "இங்கே என்னப்பா எழுதணும்?" என்று கேட்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்த வேண்டும்.

திருத்திய பிறகு, தாளின் கீழ் மூலையில் மாதத்தையும் வருஷத்தையும் சிறிதாக அச்சிட்டுவிடலாம். பழைய பாரம் எது, புதிய பாரம் எது என்பது ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.