மார்கழிக் குளிரை நம்பி பிரியாணியை மூடி வைக்காதீர்கள்

டிசம்பர் 24 இரவு திருப்பூர் மாவட்டத்துக் கொமரலிங்கத்தில் போர்வை தேவைப்படும். அமராவதிக் கரை வயல்களின் ஈரக்காற்று விடியும்வரை விடாது. அந்தக் குளிரில்தான் கிறிஸ்துமஸ் விருந்துக்கு அடுப்பு பற்றவைக்கிறார்கள். நள்ளிரவு ஆராதனை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும்போது பிரியாணி மாஸ்டர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பார். விடிகாலை நாலரைக்குத் தம் போட்டு இறக்கிவிட்டு அடுத்த ஊர் ஆர்டருக்கு வண்டி ஏறிவிடுவார். காலை ஆராதனை, பிள்ளைகளின் நாடகம், பரிசளிப்பு எல்லாம் முடிந்து பந்தி உட்கார மதியம் ஒரு மணி ஆகிவிடும். அதற்குள் வெளியே வெயில் முப்பது டிகிரியை ஒட்டி நிற்கும்.

நாலரையிலிருந்து ஒரு மணி வரை எட்டரை மணி நேரம். நம் பக்கத்துக் கிறிஸ்துமஸ் விருந்தின் ஆபத்து கறியிலோ மசாலாவிலோ இருப்பதைவிட இந்த எட்டரை மணி நேரத்தில்தான் அதிகம் இருக்கிறது. சித்திரை வெயில் என்றால் எல்லோரும் உஷாராக இருப்போம். மார்கழியில் விடிகாலைக் குளிர் நம்மை அசரவைத்துவிடுகிறது. 'இந்தக் குளிருக்குக் கெட்டா போயிரும்' என்று அண்டாவை மூடிவைத்து மேலே சாக்கைப் போட்டுவிடுகிறோம்.

பந்தி நேரத்தில் அந்த மூடியைத் தூக்கிப் பாருங்கள். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்திருக்கும் நீர் சோற்றில் சொட்டும். ஓரத்துச் சோறு ஆறி விறைத்திருக்கும். கரண்டியை நடுவில் இறக்கினால் அங்கே மட்டும் கை பொறுக்கும் இளஞ்சூடு. கிருமிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் உணவில் கிருமிகள் பெருகுகின்றன. அரிசியில் வரும் பேசிலஸ் சீரியஸ், கறியில் வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் இரண்டும் வித்துகளாக மாறிக் கொதியைத் தாங்கிக்கொள்ளும். சோறு மெல்ல ஆறும்போது அந்த வித்துகள் உயிர்பெற்றுப் பெருகும். பெர்ஃப்ரிஞ்சன்ஸ், 45 டிகிரி அளவில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பெரிய அண்டா மெதுவாகத்தான் ஆறும் என்பதால் அந்தச் சூடு மணிக்கணக்கில் நீடிக்கும். இவ்வளவு நடந்தும் மணத்திலோ ருசியிலோ எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம்.

திரும்பச் சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை. சமைப்பவரின் விரலில் வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ இருந்தால் அதிலிருந்து ஸ்டஃபிலோகாக்கஸ் உணவில் இறங்கும். அது உண்டாக்கும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. பேசிலஸ் சீரியஸ் சோற்றில் விடும் வாந்தி நச்சும் அப்படித்தான்.

டிசம்பரில் கோடை வருகிற ஆஸ்திரேலியாவில் இதற்கு எளிய கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். குளிர்பெட்டிக்கோ நல்ல சூட்டுக்கோ வெளியே இருந்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் சாப்பிடலாம், குளிர்பெட்டியிலும் வைக்கலாம். இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், எடுத்துவைக்கக் கூடாது. நாலு மணி தாண்டினால் குப்பைக்கு. நமக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். எட்டரை மணி நேரம் ஆன அண்டாவை இதில் எங்கே வைப்பது?

ஆகவே விருந்துக்கான திட்டத்தைப் பந்தி நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஒரு மணிக்குப் பந்தி என்றால் பன்னிரண்டரைக்குத் தம் உடைய வேண்டும். 'அத்தனை நேரம் காத்திருக்க முடியாதுங்க, வேற ஆர்டர் இருக்கு' என்று மாஸ்டர் சொன்னால் வேறு மாஸ்டரைப் பாருங்கள். ஒரே பெரிய அண்டாவுக்குப் பதில் இரண்டு சிறியவற்றை முக்கால் மணி நேர இடைவெளியில் இறக்கச் சொல்லலாம். இறக்கியதைத் தணலின் மேல், ஆவி பறக்கிற சூட்டிலேயே வைக்க வேண்டும். கோழி, ஆட்டுக்கறியை முந்தின நாள் மாலையே வாங்கி மசாலா தடவி வெளியில் வைக்காதீர்கள். விடிகாலையில் வாங்குங்கள், அல்லது ஐஸ் பெட்டியில் வையுங்கள். தயிர் வெங்காயத்தைப் பந்திக்குச் சற்று முன்பு கலந்தால் போதும். கேக்கில் பிளம் கேக் வெளியில் தாங்கும். ஃப்ரெஷ் கிரீம் கேக் தாங்காது, ஆராதனை முடியும்வரை மேசையில் அலங்காரமாக நிற்க அதை விடக் கூடாது.

மீந்த பிரியாணியை ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பும் நல்ல மனசு நம் ஊர்களில் உண்டு. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிற சோற்றை அங்கே அனுப்பக் கூடாது. 2022 அக்டோபரில் நம் மாவட்டத்துத் திருமுருகன்பூண்டியில் ஒரு சிறுவர் இல்லத்தில் இரவு உணவுக்குப் பிறகு மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். அது மீந்த விருந்துச் சோறு அல்ல. ஆனாலும் இல்லத்துப் பிள்ளைகளின் உடம்பு எவ்வளவு குறைவாகத் தாங்கும் என்பதை அந்த மூன்று உயிர்கள் சொல்லிவிட்டன. கொடுப்பதானால் பந்திக்கு முன்பே, சூடாக, அவர்களுக்கென்று தனியாக எடுத்துவைத்துக் கொடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாயம் என்ன செய்யும் என்பது திருப்பூர் வட்டாரத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? துணிச்சாயமான ரோடமைன் பி கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. பிரியாணியில் செயற்கை நிறம் எதுவும் சேர்க்கவே அனுமதி இல்லை. 'கலர் பவுடர் வேண்டாம்' என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், மஞ்சளும் மிளகாய்த்தூளும் போதும். சுடச்சுடப் பலகாரத்தைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதையும் உணவுப் பேக்கேஜிங் விதிகள் தடுக்கின்றன. அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவோடு வந்துவிடும்.

சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ வைத்திருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் லாபத்துக்குச் செய்கிறாரா, இல்லையா என்று பார்ப்பதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு சான்றிதழைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை, அவரை அவமதிப்பது அல்ல. அதில் 14 இலக்க எண் இருக்கும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண் இருந்தாக வேண்டும். தெரிந்த மனுஷர், சொந்தக்காரர் என்று பில் இல்லாமல் பணம் கொடுப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. பிறகு ஏதாவது ஆகிவிட்டால் காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. 2022 டிசம்பர் 29 அன்று கேரளாவின் மல்லப்பள்ளி பக்கம் கீழ்வாய்ப்பூரில் ஒரு ஞானஸ்நான விருந்தில் கேட்டரிங் சாப்பாடு சாப்பிட்ட பலர் நோயுற்றார்கள், காவல்துறை வழக்கும் பதிந்தது. அதுவும் இதே கிறிஸ்துமஸ் வாரம்தான்.

பனியன் கம்பெனி, நூல்மில் விடுதிகளில் தங்கியிருக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளில் கிறிஸ்தவர்கள் உண்டு. பண்டிகைக்கு ஊர் போக முடியாத அவர்களுக்கு விடுதிச் சமையல்தான் கிறிஸ்துமஸ் விருந்து. அவர்கள்தான் கேள்வி கேட்க அதிகம் தயங்குகிறவர்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்களின் விடுதியில் சாப்பிட்டு 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனை போனார்கள். அந்தப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. விடுதிச் சமையலறையும் இதே சட்டத்துக்குள்தான் வருகிறது. விடுதிப் பிள்ளைகள் புகார் செய்யத் தமிழ் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்கு ஒரு படமும் இடத்தின் பெயரும் அனுப்பினாலே தொடக்கமாகும். ஊர்க்காரர்கள் யாராவது ஒருவர் அவர்களுக்கு இந்த எண்ணைப் பதிந்து கொடுங்கள்.

சாப்பிட்ட ஓரிரு மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கினால் நச்சு காரணமாக இருக்கலாம். இரவோ மறுநாளோ வயிற்றுப்போக்கு வந்தால் கிருமி காரணமாக இருக்கலாம். எதுவானாலும் முதல் வேலை ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுதாகக் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. போக்கை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்த தண்ணீரும் தங்காத வாந்தி, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, குழந்தை துவண்டு கண் குழிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐக் கூப்பிட்டு உடுமலைப்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். என்ன, எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்று மருத்துவரிடம் சொல்லி, அதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

வழக்குக்கு அந்தச் சீட்டுதான் அச்சாணி. கூடவே பில், பணம் அனுப்பிய ரசீது, மீந்த உணவு ஆகியவையும் வேண்டும். அதனால் பந்தி தொடங்கும் முன்பே ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கிண்ணம் சுத்தமான டப்பாவில் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிரச்சினை என்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிட்டு அதைக் காட்டலாம். சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் கட்டிப் பகுப்பாய்வு செய்யச் சொல்லலாம். ஆனால் பகுப்பாய்வுக்குக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும்.

நிரூபிக்கப்பட்டால் 65ஆம் பிரிவின்படி உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு விதிக்கலாம். உயிரிழப்பில் முப்பது நாளுக்குள் இடைக்கால நிவாரணம் தர வேண்டும். கெட்ட உணவால் ஒருவர் இறந்தால் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை. தனியாக, திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்றும் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. சமையலுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமும் இல்லை. எழுதுவதற்கு முன் யோசனை கேட்க 1915க்கு அழையுங்கள்.