வல்லாரையை அறிவது எப்படி?

பொதுத் தேர்வு நெருங்கிவிட்டால் எங்கள் வகுப்பில் பலர் வீட்டிலும் வல்லாரைத் துவையல்தான். ஞாபக சக்தி பெருகும் என்பது பாட்டிமார் நம்பிக்கை. சென்ற மார்கழியில், சிதம்பரத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தி வாய்க்கால் கரையில் பறித்த கீரையை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். அறிவியல் டீச்சர் அதை மேசைமேல் பரப்பச் சொன்னார்கள். பார்த்தால், அதில் பாதிதான் வல்லாரை! அன்று நாங்கள் கற்றதை இங்கே எழுதுகிறோம்.

கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், காரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே வல்லாரை. நம் கடலோர மாவட்டத்தில் நல்ல தண்ணீர் பாயும் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் தரையோடு படரும். கணுவுக்குக் கணு வேர்விடும். இலை சிறுநீரக வடிவம். ஓரத்தில் சிறு பற்கள். அடியில் ஒரு பிளவு. நீண்ட காம்பு அந்தப் பிளவில்தான் சேரும். நரம்புகள் அங்கிருந்து விசிறிபோல் விரியும். இலைகளுக்கு அடியில், மண்ணை ஒட்டி, இளஞ்சிவப்பான மிகச் சிறு பூக்கள் மூன்று நான்காகக் கூடியிருக்கும்.

இனி, நம்மை ஏமாற்றும் மூன்று செடிகள். எலிக்காதிலைக்கும் இலை ஏறத்தாழ இதே வடிவம். ஆனால் பூ மஞ்சள் நிறப் புனல் போன்றது. அது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் உறவு. தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் ஒரு செடியில் காம்பு, குடைக்குக் கம்பு போல, இலையின் நடுவில் சேரும். பிரமி என்று கடையில் விற்கும் நீர்ப்பிரமிக்கோ தடித்த சிறு இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே இருக்கும். நீண்ட காம்பே கிடையாது. வடநாட்டில் வல்லாரையையும் பிரமி என்பதால் குழப்பம் வருகிறது.

அறிஞர்களுக்கும் இது எளிதாக இருக்கவில்லை. 1753-ல் லின்னேயஸ் வல்லாரையை வேறொரு இனத்தோடு சேர்த்தே பெயரிட்டார். இன்றைய ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என்ற பெயரை 1879-ல் ஊர்பன் என்பவர் அளித்தார்.

கொத்தமல்லிக் குடும்பம்தானே என்று எதையும் வாயில் போடலாகாது. கி.மு. 399-ல் சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட ஹெம்லாக் நஞ்சும் இக்குடும்பத்துச் செடியே. ஆகவே தங்கைகளே, இலை, காம்பு, பூ மூன்றையும் பாருங்கள், பெரியவர்களிடம் காட்டுங்கள், சாக்கடை ஓரத்தில் பறிக்காதீர்கள்.

பிரித்தெடுத்த நல்ல வல்லாரையை விடுதிச் சமையலறையில் சிஸ்டர் துவையலாக்கித் தந்தார்கள். ஞாபக சக்தி பெருகியதா என்று கேட்காதீர்கள், பாடத்தையும் படித்தோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி