தொட்டிலைச் சுற்றி மெத்தை கட்டலாமா?



போன மாதம் அரக்கோணம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்து போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்க மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். குழந்தைக்கு மூணு மாசம். மருமகன் கம்பி வைத்த மரத்தொட்டில் வாங்கி அனுப்பியிருக்கிறார். கூடவே தொட்டிலுக்கு உள்ளே நாலு பக்கமும் சுற்றிக் கட்டுகிற பஞ்சு மெத்தையும் வந்திருக்கிறது. கடையில் அதற்குப் பெயர் பம்பர். "நாடா வச்சி கட்டினா சரிஞ்சி சரிஞ்சி விழுது மேடம். எத்தனை இடத்துல கட்டினா நிக்கும்?" இதுதான் கேள்வி.

அதே குழுவில் தையல் மெஷின் வைத்திருக்கிற நாலு பேருக்கு இந்தக் கேள்வியில் வேறு அக்கறையும் இருந்தது. இதே மாதிரி பம்பர் செட் தைத்துக் கொடுக்க ஒரு கடையிலிருந்து ஆர்டர் வருகிற நேரம் அது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், விசாரித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

விசாரித்ததில் கிடைத்த பதில் இதுதான். எத்தனை இடத்தில் கட்டினாலும் பம்பர் பாதுகாப்பு இல்லை. கட்டவே வேண்டாம்.

இந்தப் பழக்கம் வெளிநாட்டில் இருந்து வந்தது. அந்தக் காலத்துத் தொட்டில்களில் கம்பிக்குக் கம்பி இடைவெளி அதிகம். குழந்தையின் உடம்பு நழுவி வெளியே போய், தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் மெத்தை கட்டினார்கள். 1970களில் அமெரிக்காவில் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. அதோடு பம்பரின் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் அழகாக இருக்கிறது என்று விற்பனை நிற்கவில்லை.

2007ல் அங்கே ஒரு மருத்துவ ஆய்வு வெளிவந்தது. 1985 முதல் 2005 வரை பம்பரால் இறந்த 27 குழந்தைகளின் விவரத்தை அதில் ஆராய்ந்தார்கள். 11 குழந்தைகள் மெத்தையில் முகம் அழுந்தி மூச்சு முட்டி இறந்திருக்கின்றன. 13 குழந்தைகள் பம்பருக்கும் வேறு பொருளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவை. மீதி 3 குழந்தைகளுக்கு, கட்டின நாடாவே கழுத்தைச் சுற்றிக்கொண்டது. 'நல்லா இறுக்கிக் கட்டு, மீதி நாடாவை வெட்டிடு' என்றுதான் முன்பெல்லாம் சொன்னார்கள். இறுக்கிக் கட்டினால் நாடா ஆபத்து குறையலாம், முகம் அழுந்துகிற ஆபத்து அப்படியே இருக்கிறது. 2011ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பம்பர் வேண்டாம் என்று அறிவித்தது. 2022ல் அந்த நாட்டில் விற்கவே கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. நம்ம ஊர்க் கடைகளில் மட்டும் இன்னும் 'செட்'டில் சேர்த்தே கொடுக்கிறார்கள்.

பஞ்சு மெத்தை எப்படி உயிரை எடுக்கும் என்று அந்த அக்கா நம்பாமல் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். நாம் போர்வைக்குள் தலையை மூடிப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் புழுங்கி விலக்கிவிடுவோம். மூணு நாலு மாசக் குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்தில் பலம் இல்லை. மூக்கு மெத்தையில் அழுந்தினால் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். நல்ல காற்று குறைந்துகொண்டே போகும். அழக்கூட அழாது, அதனால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. கொஞ்சம் வளர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கிற வயதில், அதே மெத்தை மேல் கால் வைத்து ஏறி வெளியே விழும். கம்பியில் இடித்துக்கொள்ளுமே என்பது நமது பயம். இடித்தால் சின்னதாக ஒரு வீக்கம், கொஞ்சம் அழுகை. கால் மாட்டினால் எடுத்துவிடலாம்.

அப்படியானால் பார்க்க வேண்டியது தொட்டிலை. தையல் டேப்பை எடுத்துக் கம்பி இடைவெளியை அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டர், ஆசாரி கணக்கில் 2 அங்குலம் 3 நூல். அதற்கு மேல் இருந்தால் துணியைச் சுற்றி மறைக்காதீங்க. ஆசாரியை வைத்து நடுவில் கட்டை அடித்த பிறகு குழந்தையைப் போடுங்க. அடியில் போடும் மெத்தை கெட்டியாக இருக்கணும். மெத்தைக்கும் பக்கக் கட்டைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற சந்துகூட இருக்கக்கூடாது. உள்ளே தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று வைக்கிற கடுகுத் தலையணையும்தான். (இதைச் சொன்னபோது கூட்டத்தில் பாட்டிமார்கள் என்னை முறைத்தது மறக்கவில்லை.) கொசுவுக்கு வலை போதும். தொங்கி முகத்தில் விழாமல் இழுத்துச் செருகிவிடுங்கள்.

தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். கக்கினால் புரையேறிடுமே என்று எல்லோரும் கேட்கிறாங்க. மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கினது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவதைவிட, கீழே இறங்குவதுதான் சுலபம். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். பால் கொடுத்ததும் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துப் படுக்க வையுங்கள், போதும். அமெரிக்காவில் 1994ல் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி பிரச்சாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

நம் வீடுகளில் மரத்தொட்டில் எத்தனை பேரிடம் இருக்கிறது? பெரும்பாலும் புடவைத் தூளிதானே. தூளி கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. தறி வேலைக்கும் அடுப்பு வேலைக்கும் நடுவில் அதுதான் நமக்குத் துணை. ஆனால் அதிலும் பக்கத் துணி முகத்தை மூடுகிறது, உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் இடித்து மூச்சு அடைபடுகிறது. ஆகவே மேலே குறுக்குக் கட்டை வைத்து வாயை அகலமாக விரித்து வையுங்கள். நைந்த புடவை வேண்டாம். கொக்கியையும் கயிற்றையும் இழுத்துப் பாருங்கள். தரைக்குப் பக்கத்தில் தாழ்வாகக் கட்டி, கீழே பாய் விரியுங்கள். கண் பார்வையில் இருக்கட்டும். ராத்திரித் தூக்கத்துக்குத் தூளி வேண்டாம், பாய் மேல் கெட்டியாக விரித்துத் தனி இடத்தில் படுக்க வைக்கலாம். குழந்தை கவிழ ஆரம்பித்ததும் தூளியை நிறுத்திவிடுங்கள்.

இதைவிட முக்கியமாக ஒன்று. சின்னக் குழந்தையை எடுத்த பிறகு காலித் தூளி தொங்கிக்கொண்டிருக்கும். அக்காவோ அண்ணனோ அதில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி விளையாடுவார்கள். முறுக்கேறி, புடவை கழுத்தை இறுக்கிவிடும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள்கூட இப்படிப் போன செய்தியைப் பேப்பரில் அவ்வப்போது படிக்கிறோம். பெற்றோர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் நடக்கிறது. குழந்தையை எடுத்ததும் தூளியை அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகளுக்கு எட்டாமல் மேலே சுருட்டிக் கட்டுங்கள்.

கழுத்துக் கயிறும் அப்படித்தான். திருத்தணி மலையில் மொட்டை போட்டுவிட்டு வரும்போது சாமி கயிறு கட்டாமல் வரமாட்டோம். அதைக் கையிலோ இடுப்பிலோ கட்டினால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். கழுத்தில் இருந்தால் கம்பியிலும் கொக்கியிலும் மாட்டும்.

சொன்னபடி அடுத்த வாரம் போய் இதையெல்லாம் சொன்னேன். அந்த அக்கா வீட்டுத் தொட்டிலை அளந்தோம். இடைவெளி சரியாகவே இருந்தது. பம்பரைக் கழற்றி எடுத்துவிட்டாங்க. மருமகன் போனில் முதலில் வருத்தப்பட்டாராம், காசு போச்சே என்று.

தையல் குழுவில்தான் பேச்சு நீண்டது. "நாம தைக்கலன்னா வேற ஒருத்தர் தைக்கப்போறாங்க, நமக்குத்தானே நஷ்டம்" என்று ஒருத்தர் சொன்னாங்க. அது உண்மைதான், எனக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் அவங்களே பேசி முடிவெடுத்து, பம்பர் இல்லாமல் மெத்தை உறையும் விரிப்பும் மட்டும் தைத்துத் தருகிறோம் என்று கடைக்காரரிடம் கேட்டாங்க. விரிப்பு நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்து மெத்தையோடு பிடிக்கிற மாதிரி. அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் ஆர்டர் நினைத்ததில் பாதிதான். முதல் தவணை போன வாரம் போயிருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரங்க தொட்டில் கம்பி இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு வாங்க. டேப் இல்லாதவங்க தையல் குழுவில் வாங்கிக்கலாம்.