நூலாலையில் உழைப்பு

நாம் உடுக்கும் ஆடையின் விலையை அறிவோம். அதற்கு நூல் ஆக்குவோர் உழைக்கும் தன்மையை அறிந்தார் சிலரே. ஆலையுட் புகுந்த பஞ்சு, தூசி நீக்கி வாரப்பெற்று, திரியாகிப் பின் கதிர்களில் முறுக்கேறி நூலாகின்றது. இவற்றைச் செய்வது யந்திரமே. எனினும் அறுந்த இழையைப் பிணைப்பது மனிதன் கை. ஆதலின் தொழிலாளி கதிர் வரிசைகளினிடையே ஓயாது நடந்துகொண்டிருத்தல் வேண்டும்.

காற்று உலர்ந்தால் இழை அறும். அதன்பொருட்டு ஆலைக் காற்றிற்கு ஈரம் ஊட்டுவர். வெப்பமும் ஈரமும் கூடியவிடத்து உழைப்போன் வியர்வை உலர்வதில்லை. பஞ்சுத் தூசியோ நுரையீரலைத் தாக்கும். பிஸினோஸிஸ் என்னும் அந்நோய், வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் மார்பிறுக்கமாய்த் தலைகாட்டும். ஓய்வின் மறுநாள் வருதலால், அதனைச் சோம்பல் எனப் பிறர் எண்ணவும் இடமுண்டு.

இத்தகைய இடத்தில் ஆடவர் நாளொன்றுக்கு 12 மணி உழைக்க 1911-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சங்கம் நிறுவினர். நண்பகலுணவிற்கு விட்ட அரைமணி போதாதென்பது அவர்தம் குறைகளுள் ஒன்று. பின்னர்ச் சட்டவரம்பு 1922-இல் வாரத்திற்கு 60 மணியாகவும், 1934-இல் 54 மணியாகவும், 1946-இல் 48 மணியாகவும் குறைந்தது.

இழை அறாதிருக்க ஆலைக் காற்று எத்துணைக் கருத்துடன் பேணப்படுகின்றது! அவ்விழையைப் பிணைப்போன் மூச்சும் அத்துணைக் கருத்துடன் பேணப்படல் வேண்டும். நம் மாணவருள் நாளை ஆலை நடத்தப்போவோர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.