மாக்பெத்தை வீழ்த்தியது யார்?

'பேராசை பெருநஷ்டம்' என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் அழிந்துவிடுவதில்லையே! அப்படியானால் எந்த ஆசை ஒருவனை அழிக்கிறது? ஷேக்ஸ்பியர் 1606-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய 'மாக்பெத்' நாடகம் இதற்கு நல்ல விடை சொல்கிறது.

மாக்பெத் ஸ்காட்லாந்தின் வீரத் தளபதி. போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகள், அவன் காடர் பிரபு ஆவான், பிறகு மன்னனும் ஆவான் என்கிறார்கள். உடன் வந்த நண்பன் பாங்கோவின் சந்ததி நாடாளும் என்றும் சொல்கிறார்கள். சற்று நேரத்திலேயே காடர் பட்டம் வந்து சேருகிறது. அப்புறம் கேட்க வேண்டுமா? மன்னர் பட்டத்தின் மேல் மனசு பாய்கிறது.

மன்னன் டங்கன் அவன் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறான். 'இவர் என் மன்னர், உறவினர், விருந்தாளி. நல்லவரும் கூட' என்று யோசித்து, கொலை வேண்டாம் என்றே முடிவு செய்கிறான் மாக்பெத். அப்போது அவன் மனைவி அவனுடைய ஆண்மையையே கேலி செய்கிறாள். அவ்வளவுதான்! அன்றிரவே டங்கன் கொல்லப்படுகிறான்.

குற்றவாளி யார்? சூனியக்காரிகளா, மனைவியா? இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அதே சூனியக்காரிகளின் பேச்சைப் பாங்கோவும் கேட்டான். அவன் யாரையும் கொல்லவில்லை. இரண்டு, மன்னனான பின் பாங்கோவைக் கொல்ல ஆள் வைத்தபோது மாக்பெத் மனைவியிடம் வாயே திறக்கவில்லை. மாக்டஃபின் மனைவி மக்களைக் கொல்லச் சொல்லி அவனை யாரும் தூண்டவில்லை. ஆக, தூண்டிவிட ஆள் இல்லாதபோதும் கொலைகள் நிற்கவில்லை.

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது எளிதில் புரியும். நீராவி இல்லாமல் நீராவி எஞ்சின் ஓடாது. வேகம் மீறினால் நீராவியைக் குறைக்க ஒரு கவர்னர் இருக்கிறது. ஆசைதான் நீராவி, மனசாட்சிதான் கவர்னர். மாக்பெத்திடம் இரண்டும் இருந்தன. மனைவி பேசினாள், கவர்னரைக் கழற்றிப் போட்டது அவன் கைதான்!

முடிவு என்ன? மனைவி தூக்கத்தில் நடந்து, இல்லாத ரத்தக்கறையைக் கழுவிக் கழுவிச் சாகிறாள். பெண் வயிற்றில் பிறந்தவன் எவனாலும் அவனுக்குத் தீங்கில்லை என்ற வாக்கை நம்பி இறுமாந்திருந்த மாக்பெத்தை, தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட மாக்டஃப் வெட்டிச் சாய்க்கிறான்.

நிஜ மாக்பெத்தின் கதை வேறு. 1040-ல் டங்கனைப் போரில் வென்று, 1057 வரை 17 ஆண்டுகள் ஆண்டவன் அவன். நாடகத்து மாக்பெத்தோ நம் எல்லோருக்குள்ளும் ஒளிந்திருக்கிறான்.

'உன்னை விட்டா யாருடா இருக்கா?' என்று தூபம் போடுகிறவர்கள் சங்கத் தேர்தலிலும் வருவார்கள், நாளை வேலை பார்க்கும் இடத்திலும் வருவார்கள். அவர்கள் வாயை நம்மால் அடைக்க முடியாது. ஆனால் நண்பர்களே, கவர்னர் நம் கையில்தான் இருக்கிறது. அதைக் கழற்றாமல் ஓட்டுவோம்!